துவாலு தீவுகளின் மணலைத் தயாரிப்பது யார்? கடல்மட்டம் பற்றி மட்டும் பேசினால் ஏன் போதாது?

ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 11 ஆயிரம்தான். அதில் 8,750 பேர், வேறொரு நாட்டில் குடியேற ஒரே மாதத்தில் பெயர் கொடுத்துவிட்டார்கள். 2025 ஜூன், ஜூலை மாதங்களில் துவாலுவில் நடந்தது இதுதான். ஆஸ்திரேலியா தரப்போவது ஆண்டுக்கு 280 விசா மட்டும். அதனால் குலுக்கல். குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்துவிட்டு, பெயர் வருமா வராதா என்று காத்திருந்தார்கள்.

இந்தச் செய்தியை நாம் எல்லோரும் ஒரே மாதிரிதான் படித்தோம். கடல் ஏறுது, தீவு மூழ்குது, மக்கள் கிளம்புறாங்க. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனா இது பாதிக் கதை.

மீதிப் பாதி கடலுக்கு அடியில் நடக்கிறது. துவாலுவின் நிலம் மலைப்பாறையோ ஆற்று வண்டலோ இல்லை. அது கடல் உயிர்கள் தயாரித்துக் கொடுத்த மணலும் பவளச் சிதிலமும். அந்த மணலில் பெரும்பங்கைத் தயாரிக்கும் உயிர் கடுகு அளவுதான் இருக்கும், உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல். அதற்குள் பாசி குடியிருக்கிறது. அந்த இரண்டோடும் சேர்ந்து ஒரு பாக்டீரியா கூட்டம் வாழ்கிறது. இந்த மூன்று பேர் கூட்டணி சூடாகும் கடலில் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்? துவாலுவின் எதிர்காலத்தில் பெரிய பங்கு இந்தக் கேள்விக்கு இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

துவாலு... சின்ன அறிமுகம்

ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் இடையே, பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கும் நாடு துவாலு. மொத்த நிலப்பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிக உயரமான இடமே கடல்மட்டத்தில் இருந்து 5 மீட்டரைத் தொடாது. தலைநகர் ஃபுனாஃபுட்டி ஒரு 'அட்டோல்'. அதாவது, நடுவில் அமைதியான காயல், அதைச் சுற்றி வளையம் போலப் பவளத்திட்டு, அந்த வளையத்தின் மேல் அங்கங்கே மெல்லிய மணல் தீவுகள்.

2021-ல் அந்த நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே, கோட் சூட் போட்டுக்கொண்டு முழங்கால் அளவு கடல் நீரில் நின்று பேசிய வீடியோ ஞாபகம் இருக்கா? ஐ.நா. காலநிலை மாநாட்டுக்காக எடுத்தது. அவர் நின்றது துவாலுவில்தான்.

2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 'ஃபாலேபிலி' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2024 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படிதான் இந்த 280 விசா. நாசாவின் கடல்மட்ட ஆய்வுக் குழு 2023-ல் சொன்ன கணக்குப்படி, துவாலுவைச் சுற்றிய கடல்மட்டம் 30 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2050 வாக்கில் நாட்டின் பெரும்பகுதி நிலமும் முக்கியக் கட்டமைப்புகளும் இன்றைய உயர் அலை மட்டத்துக்குக் கீழே போய்விடும் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஆனா தீவுகள் பெரிதாகியிருக்கே, அது எப்படி?

இங்கதான் பலரையும் குழப்பும் ஒரு தகவல் வருகிறது. 2018-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் பால் கென்ச் குழுவினரின் ஆய்வு வெளியானது. பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, துவாலுவின் 101 தீவுகளை அளந்தார்கள். 1971 முதல் 2014 வரை கடல்மட்டம் ஆண்டுக்கு சராசரியாக சுமார் 4 மில்லிமீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் நாட்டின் மொத்த நிலப்பரப்பு 73.5 ஹெக்டேர் கூடியிருந்தது. அதாவது 2.9 சதவீதம் அதிகம்.

"பாத்தீங்களா, காலநிலை மாற்றமே பொய்" என்று இந்த ஆய்வை ஒரு தரப்பு வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டது. அது தவறான வாசிப்பு. கடல் ஏறவில்லை என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. கடல் ஏறியும் தீவு கரையாமல் நின்றதற்கு, அலைகள் தொடர்ந்து மணலையும் சிதிலத்தையும் கொண்டு வந்து சேர்த்ததும் ஒரு முக்கியக் காரணம் என்பதுதான் அதில் இருக்கும் சேதி.

நம் சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்தைப் பேசும் இடங்களில் 'எக்கர்' என்று ஒரு சொல் வரும். அலை கொண்டு வந்து குவித்த மணல்மேடு என்று பொருள். துவாலு கிட்டத்தட்ட ஒரு எக்கர் நாடு. அலை ஒரு பக்கம் எடுக்கும், இன்னொரு பக்கம் கொடுக்கும். கொடுப்பது எடுப்பதைவிடக் குறையாத வரை தீவு நிற்கும்.

1972 அக்டோபரில் வீசிய 'பெபே' புயல் இதை ஒரே இரவில் காட்டியது. ஃபுனாஃபுட்டியின் வெளிக் கரையோரமாக சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளச் சிதிலத்தை வாரிக் கொட்டிவிட்டுப் போனது. வீடுகளை அழித்த அதே புயல், தீவுக்கு மூலப்பொருளையும் கொடுத்துவிட்டுப் போனது.

அப்போ அடுத்த கேள்வி: அலைக்கு இந்த மணல் எங்கிருந்து கிடைக்கிறது?

நட்சத்திர மணல், பிரமிடு... ஒரே குடும்பம்

இந்த மணலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், நட்சத்திரம் போல, பொத்தான் போல, பருப்பு போல வடிவங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு உயிர் கட்டிய சுண்ணாம்பு வீடு. அந்த உயிரின் பெயர் ஃபோராமினிஃபெரா. சுருக்கமாக ஃபோராம்.

ஜப்பானின் ஒகினாவா பக்கம் தாகெதோமி தீவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் சின்ன பாட்டிலில் 'நட்சத்திர மணல்' வாங்கி வருவார்கள். அது பாகுலோஜிப்சினா என்ற ஃபோராமின் கூடு. அதே பாகுலோஜிப்சினாதான் துவாலுவின் கடற்கரையிலும் குவிந்து கிடக்கிறது. அதோடு ஆம்ஃபிஸ்டெஜினா என்ற இன்னொரு வகையும் சேர்ந்துகொள்கிறது. பசிபிக்கின் சில அட்டோல் தீவுகளில் மணலில் பாதிக்கும் மேல் ஃபோராம் கூடுகள்தான்.

எகிப்தின் பிரமிடுகளுக்கும் இந்தக் குடும்பத்தோடு தொடர்பு உண்டு. கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கல்லில் நிறைந்திருப்பது நும்முலைட்டிஸ் என்ற பழங்கால ஃபோராம்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிர்கள். கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ அங்கே போனபோது, பருப்பு போலக் கிடந்த துணுக்குகளைக் காட்டி, "பிரமிடு கட்டிய வேலையாட்கள் சாப்பிட்டு மிச்சம் வைத்தது, கல்லாகிவிட்டது" என்று உள்ளூரில் கதை சொல்லியிருக்கிறார்கள்.  அவர் அதை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

ஃபுனாஃபுட்டிக்கும் அறிவியல் வரலாற்றில் தனி இடம் இருக்கிறது. மூழ்கிக்கொண்டிருக்கும் எரிமலையைச் சுற்றி வளர்ந்த பவளம்தான் அட்டோல் ஆகிறது என்று 1842-ல் சார்லஸ் டார்வின் எழுதினார். அது சரியா என்று பார்க்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை மூன்று முறை ஃபுனாஃபுட்டிக்குக் குழு அனுப்பி ஆழ்துளை போட்டது. சுமார் 340 மீட்டர் ஆழம் வரை போனார்கள். எரிமலைப் பாறை தட்டுப்படவே இல்லை. வந்ததெல்லாம் பவளம், சுண்ணாம்புப் பாசி, ஃபோராம் என்று உயிர்கள் விட்டுச் சென்ற சுண்ணாம்புதான். இந்த நாடு உயிர்கள் கட்டிய கட்டடம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஒரே செல், ஆனா உள்ளே ஒரு தோட்டம்

ஃபோராம் ஒரு விலங்கும் இல்லை, செடியும் இல்லை. அமீபா மாதிரி ஒரு செல் உயிர். ஆனா வெறும் உடம்போடு திரியாமல் அறை அறையாகக் கூடு கட்டிக்கொள்ளும். வளர வளரப் புது அறை. நூல் போன்ற கால்களை நீட்டி நகரும், இரை பிடிக்கும். பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கிரேட் பேரியர் ரீஃபில் இருக்கும் மார்ஜினோபோரா மட்டும் இரண்டு சென்டிமீட்டர் வரைகூட வளரும். ஒரே செல் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு!

இவ்வளவு வளர இரை மட்டும் போதாது. வெப்பமண்டலக் கடலின் தெளிந்த நீரில் சத்து ரொம்பக் குறைவு. அதனால் இந்த ஃபோராம்கள் ஒரு வேலை செய்கின்றன. நுண்பாசிகளைக் கூட்டுக்குள் குடிவைத்துக்கொள்கின்றன. பாசி வெயிலைப் பிடித்து சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும். ஃபோராம் இருக்க இடமும் கரியமில வாயுவும் நைட்ரஜன் சத்தும் கொடுக்கும். கூடு கட்டும் வேகமும் இதனால் கூடும்.

யார் யாரைக் குடிவைப்பது என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. ஆம்ஃபிஸ்டெஜினாவும் பாகுலோஜிப்சினாவும் டயட்டம் என்ற பாசியை வைத்துக்கொள்கின்றன. மார்ஜினோபோராவுக்குள் இருப்பது பவளங்களுக்குள் வாழும் அதே வகைப் பாசி. இன்னும் சில ஃபோராம்கள் சிவப்புப் பாசியையும், சில பச்சைப் பாசியையும் சேர்த்துக்கொள்கின்றன. வெளியே வாழும்போது கண்ணாடி போன்ற ஓடு போட்டுக்கொண்டிருக்கும் டயட்டம், ஃபோராமுக்குள் வந்ததும் அந்த ஓட்டைக் கழற்றிவிடும். சொந்த வீட்டுக்குள் வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டுவது மாதிரி.

உலகின் பவளத்திட்டுகளில் ஆண்டுதோறும் உருவாகும் சுண்ணாம்பில் சுமார் 5 சதவீதம் ஃபோராம்களின் பங்கு என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. கேட்க சின்ன எண். ஆனா இந்தக் கூடுகள் உருவாகும்போதே மணல் அளவில் உருவாகின்றன. பவளம் உடைந்து, தேய்ந்து மணலாக ஆக வேண்டும். ஃபோராம் இறந்த அன்றே மணல். அதன் ஆயுளும் சில மாதம் முதல் ஓரிரு ஆண்டுதான். அதனால் 'உற்பத்தி' நிற்காமல் நடக்கும்.

மூன்றாவது கூட்டாளி: பாக்டீரியா

இதுவரை சொன்னது இருவர் கூட்டணி. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் டிஎன்ஏ பரிசோதனை மலிவானதும் மூன்றாவது கூட்டாளி வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு ஃபோராமை எடுத்து, அதில் இருக்கும் மொத்த டிஎன்ஏவையும் படித்தால், ஃபோராமும் பாசியும் மட்டும் இல்லை. பலவகை பாக்டீரியாக்களும் சேர்ந்து ஒரு ஊரே இருக்கிறது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியா கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இவை என்ன வேலை பார்க்கின்றன? ஒரு உதாரணம், வைட்டமின் பி12. இதைத் தயாரிக்கத் தெரிந்தவை பாக்டீரியாவும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரும் மட்டும்தான். ஆனா கடல் பாசிகளில் ஏகப்பட்ட வகைகளுக்கு பி12 தேவை. பக்கத்தில் பாக்டீரியா இருந்தால்தான் வண்டி ஓடும். அதேபோல நைட்ரஜன் சத்தை ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவதும், கழிவை மறுபடி பயனுள்ளதாக ஆக்குவதும் பாக்டீரியா வேலைதான். ஃபோராமுக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கலின் முழுக் கணக்கை ஆய்வாளர்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

2017-ல் 'மைக்ரோபயோம்' என்ற ஆய்விதழில் மார்டினா பிரசேரெஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கிரேட் பேரியர் ரீஃபில் கரைக்கு அருகிலும் கரையை விட்டுத் தள்ளியும் வாழும் ஆம்ஃபிஸ்டெஜினாக்களை ஒப்பிட்டார்கள். ஃபோராம் ஒரே இனம்தான். ஆனா அதோடு இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் இடத்துக்கு இடம் வேறு. கலங்கலும் சத்தும் அதிகம் உள்ள கரையோரத்தில் ஒரு சேர்க்கை, தெளிந்த வெளிக்கடலில் வேறு சேர்க்கை. சூழலுக்கு ஏற்ப ஆட்களை மாற்றிக்கொள்ளும் நெகிழ்வு இந்த உயிருக்கு இருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

இது ஏன் பெரிய விஷயம்? ஒரு இனம் தன் மரபணுவையே மாற்றி வெப்பத்துக்குப் பழக பல தலைமுறை ஆகும். கூட இருக்கும் நுண்ணுயிர்களை மாற்றிக்கொள்வதற்கு அவ்வளவு காலம் வேண்டாம். அந்த வாய்ப்பு இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குச் சொத்து போவதிலும் இரண்டு வழி இருக்கிறது. ஃபோராம் தன் உடம்பையே பிரித்துக் குஞ்சுகளாக்கும்போது, பாசியையும் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். ஆனா இனப்பெருக்கச் செல்களைக் கடலில் விட்டு அவை இணைந்து உருவாகும் குஞ்சு, தன் கூட்டாளிகளைக் கடலில் இருந்துதான் தேடிக்கொள்ள வேண்டும். முதல் வழியில் பாதுகாப்பு அதிகம், இரண்டாவது வழியில் புது ஆளைச் சேர்க்க வாய்ப்பு அதிகம்.

வெப்பம் ஏறினால் என்ன ஆகும்?

2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பவள வெளிறல் பேரிடரை அமெரிக்காவின் நோவா அமைப்பும் சர்வதேசப் பவளத்திட்டு முன்முயற்சி அமைப்பும் அறிவித்தன. ஓராண்டு கழித்து வந்த கணக்குப்படி, 2023 ஜனவரி முதல் உலகப் பவளத்திட்டுப் பரப்பில் சுமார் 84 சதவீதம் வெளிறல் அளவுக்கான வெப்பத்தைச் சந்தித்திருக்கிறது. 82 நாடுகளில் பாதிப்பு. இதுவரை பதிவானதிலேயே இதுதான் பெரியது.

பவளம் வெளிறுவது பற்றி நிறையப் படித்திருப்போம். ஃபோராமும் வெளிறும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1991-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் பகுதியில் ஆம்ஃபிஸ்டெஜினா கூட்டம் கூட்டமாக வெளிறியதை பமேலா ஹலாக் என்ற விஞ்ஞானியின் குழு பதிவு செய்தது. பொன்னிறப் பழுப்பாக இருக்க வேண்டிய கூடு திட்டுத் திட்டாக வெள்ளையாகும். உள்ளே இருக்கும் பாசி கெட்டுப்போகிறது என்று அர்த்தம். வெப்பம் மட்டும் இல்லை, அதிக ஒளியும் சேர்ந்து இந்த நிலையைக் கொண்டு வருகிறது.

கிரேட் பேரியர் ரீஃப் ஃபோராம்களை வைத்து நடந்த சோதனைகள் இன்னொரு விஷயத்தைக் காட்டின. வந்து வந்து போகும் குறுகிய கால வெப்பத்தை இவை சமாளிக்கின்றன. ஆனா விடாமல் தொடரும் வெப்பத்தில் சோர்ந்துவிடுகின்றன. இப்போதைய பிரச்சினை அதுதான். கடல் வெப்ப அலைகள் முன்பைவிட நீளமாக, அடுத்தடுத்து வருகின்றன.

அடுத்தது அமிலத்தன்மை. காற்றில் கூடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி கடலில் கரைகிறது. கடல் நீரின் பிஎச் அளவு குறைகிறது. பப்புவா நியூ கினியின் மில்ன் பே பகுதியில் எரிமலை வாயு கடலடியில் இயற்கையாகவே குமிழ் விடும் இடங்கள் உள்ளன. எதிர்காலக் கடல் எப்படி இருக்கும் என்று பார்க்க இயற்கை வைத்த சோதனைக் கூடம் அது. 2013-ல் ஸ்வென் உதிக்கே குழுவினர் அங்கே பார்த்ததை வெளியிட்டார்கள். பிஎச் 7.9-க்குக் கீழே போன இடங்களில் ஃபோராம்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இன்றைய கடல் மேற்பரப்பின் அளவு சுமார் 8.1. பார்க்க சின்ன வித்தியாசம், ஆனா விளைவு சின்னது இல்லை.

அதே 2013-ல் நிக்கோல் வெப்ஸ்டர் குழுவினர் நடத்திய சோதனையில், அமிலத்தன்மை கூடக் கூட ஃபோராம்களோடு இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறிப்போவது தெரிந்தது. ஆக, மூன்று கூட்டாளிகளையுமே அடி தாக்குகிறது. நெகிழ்வு இருக்கிறது, ஆனா அதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது.

எல்லா ஃபோராமும் அழிந்துவிடுமா?

இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். சில வகைகள் வெப்பத்தில் ஜெயிக்கின்றன. சூயஸ் கால்வாய் இணைத்த மத்திய தரைக்கடலில் ஆம்ஃபிஸ்டெஜினாவின் ஒரு வகை மேற்கு நோக்கிப் பரவிக்கொண்டே போகிறது. இஸ்ரேலின் ஹடேராவில் மின் நிலையத்தின் வெந்நீர் வந்து விழும் கரையில்கூட பாராரோட்டாலியா என்ற பாசி தாங்கும் ஃபோராம் செழிப்பாக இருக்கிறது.

ஆனா அந்த வெற்றியால் துவாலுவுக்கு லாபம் இல்லை. வேறு கடலில் வேறு இனம் பெருகுவது, இந்தத் தீவின் கரைக்கு மணல் கொண்டு வந்து சேர்க்காது. துவாலுவுக்குத் தேவை, அதன் திட்டில், அதன் அலை ஓடும் பாதையில், உயிரோடு இருக்கும் கூட்டம்.

சாக்கடை நீரும் ஒரு காரணம்

வெப்பமும் அமிலமும் உலகப் பிரச்சினை. துவாலு மட்டும் நினைத்தால் நிறுத்த முடியாது. ஆனா உள்ளூரில் ஒரு பிரச்சினை இருக்கிறது. அதை உள்ளூரிலேயே சரி செய்யலாம்.

பாசியை வைத்திருக்கும் ஃபோராம்களுக்குத் தெளிந்த, சத்துக் குறைந்த நீர்தான் பிடிக்கும். கழிவுநீர் கலந்தால் வேறு பாசிகள் மண்டும், நீர் கலங்கும், ஒளி குறையும். இந்தப் பண்பை வைத்தே ஹலாக் குழு 2003-ல் 'ஃபோராம் இன்டெக்ஸ்' என்ற அளவுகோலை உருவாக்கியது. மணலில் எந்த வகை ஃபோராம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்த நீர் பவளத்திட்டு வளர ஏற்றதா என்று சொல்லிவிடலாம்.

துவாலுவின் மக்கள் நெருக்கமாக வாழும் இடம், ஃபுனாஃபுட்டியின் ஃபோங்காஃபாலே தீவு. ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே பார்த்தபோது, கடல் பக்கத் திட்டில் ஃபோராம்கள் ஏராளம். ஆனா வீடுகளை ஒட்டிய காயல் பக்கத்தில் குறைவு. வீட்டுக் கழிவுநீர் செப்டிக் டேங்குகளில் இருந்து கசிந்து, அலை ஏறி இறங்கும்போது கடலில் கலப்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். மார்ஷல் தீவுகளின் மஜூரோவிலும் இதே கதைதான். ஜனநெருக்கடி உள்ள தீவுகளுக்கு அருகில் ஃபோராம் குறைந்திருப்பதாக 2010-ல் ஆய்வு வந்தது.

தீவுகளை இணைக்கப் போடும் தரைப்பாலங்களும் ஒரு சிக்கல். கடல் பக்கம் உருவாகும் மணல், தீவுகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய் வழியாகத்தான் காயல் பக்கம் வரும். அந்த வழியை மண் கொட்டி அடைத்தால், உற்பத்தி இருந்தும் டெலிவரி இருக்காது.

துவாலு என்ன செய்கிறது?

ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பசுமைக் காலநிலை நிதியமும் உதவ, ஃபுனாஃபுட்டியில் சுமார் 780 மீட்டர் நீளத்துக்கு புது நிலம் உருவாக்கப்பட்டிருக்கிறது. காயலில் இருந்து மணலைத் தோண்டி எடுத்து, மேடாக நிரப்பியிருக்கிறார்கள். மக்கள் நிற்க ஒரு உயரமான இடம் உடனடியாகத் தேவை. அதனால் இந்த வேலை அவசியம்தான்.

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இயற்கைத் தீவு தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், அலை எடுத்ததை அலையே திருப்பிக் கொடுக்கும். நிரப்பிய நிலம் அப்படி இல்லை. அரித்தால் மறுபடி நாம்தான் மணலும் பணமும் கொட்ட வேண்டும். அந்தக் காயல் மணலும் பெரும்பாலும் இதே உயிர்கள் பல காலமாகச் சேர்த்து வைத்தது. ஒருவகையில் இது சேமிப்புக் கணக்கில் இருந்து பணம் எடுப்பது. தப்பு இல்லை. ஆனா வரவு நின்றுபோனால் சேமிப்பு எத்தனை நாள் வரும்?

வரவைக் கூட்ட முடியுமா என்றும் முயன்று பார்த்திருக்கிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹாஜிமே கயான்னே தலைமையிலான குழு, துவாலு அரசோடு சேர்ந்து 'ஃபோராம் மணல் திட்டம்' என்ற பெயரில் வேலை பார்த்தது. நட்சத்திர மணல் ஃபோராம்களை வளர்ப்பது, மணல் ஓடும் வழியைச் சரி செய்வது, கழிவுநீரைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம். சிமென்ட் சுவர் கட்டுவது போலச் சட்டென்று பலன் தெரியாது. ஆனா பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நுண்ணுயிர்களையே மருந்தாகக் கொடுக்கலாமா? பவளங்களுக்கு இதைச் செய்து பார்க்கிறார்கள். சவுதி அரேபியாவின் கவுஸ்ட் பல்கலைக்கழகத்தில் ராக்கெல் பெய்ஷோட்டோ குழு, நல்ல பாக்டீரியாக்களைச் சேர்த்துப் பவளங்கள் வெப்பத்தில் சாவதைக் குறைக்க முடிந்தது என்று 2021-ல் காட்டியது. நாம் தயிர் சாப்பிடுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனா தொட்டியில் ஒரு பவளத்துக்குக் கொடுப்பது வேறு, பல கிலோமீட்டர் திட்டில் கோடிக்கணக்கான ஃபோராம்களுக்குக் கொடுப்பது வேறு. கழிவுநீரை நிறுத்துவதும் உமிழ்வைக் குறைப்பதும்தான் அந்த அளவுக்குப் பலன் தரும் வழிகள்.

அப்போ துவாலு மூழ்குமா, மூழ்காதா?

இந்தக் கேள்வியே கொஞ்சம் தவறு. நிலம் இருப்பது வேறு, அங்கே வாழ முடிவது வேறு. தீவின் பரப்பு அப்படியே இருந்தாலும், உயர் அலை நாளில் வீட்டுக்குள் நீர் வந்தால், நிலத்தடி நீர் உப்பானால், கிழங்குத் தோட்டம் கருகினால், எப்படி இருப்பது? தீவுகளின் பரப்பு கூடியது என்ற ஆய்வை வைத்து, "அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

இன்னொரு பக்கம், "எப்படியும் மூழ்கப்போகுது" என்று கைகழுவுவதும் சரியில்லை. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் காலநிலை குறித்து வழங்கிய ஆலோசனைக் கருத்தில், ஒரு நாடு உருவான பிறகு அதன் அடிப்படைக் கூறுகளில் ஒன்று இல்லாமல் போனாலும் அந்த நாடு என்ற தகுதி தானாகவே போய்விடும் என்று ஆகாது எனச் சொன்னது. காகிதத்தில் துவாலு இருக்கும். கடலில் இருக்குமா என்பது, கடல் ஏறும் வேகத்துக்கும் மணல் சேரும் வேகத்துக்கும் நடக்கும் போட்டியைப் பொறுத்தது. உமிழ்வைக் குறைத்தால் இரண்டு பக்கமும் பலன்: கடல் ஏறுவது மெதுவாகும், மணல் தயாரிப்பவர்களும் பிழைப்பார்கள்.

நமக்குப் பக்கத்தில்?

இந்தியாவிலும் அட்டோல் தீவுகள் உண்டு. லட்சத்தீவு. அங்கே பங்காரம் அட்டோலைச் சேர்ந்த பரளி-1 என்ற ஆளில்லாத் தீவு, முழுவதுமாக அரித்துப்போனதாக 2017-ல் ஆய்வு வந்தது. 2023 அக்டோபர் இறுதியில் தொடங்கிய கடல் வெப்ப அலையால் லட்சத்தீவின் பவளங்கள் கடுமையாக வெளிறியதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 மே மாதம் தெரிவித்தது. லட்சத்தீவின் மணலிலும் ஃபோராம் கூடுகள் இருக்கின்றன. அங்கே கட்டடம், சுற்றுலா, கழிவுநீர் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த மணல் கணக்கைத் தொடும்.

அடுத்த முறை துவாலு பற்றியோ லட்சத்தீவு பற்றியோ செய்தி வரும்போது, கடல் எவ்வளவு ஏறியது என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: திட்டில் இருக்கும் அந்தச் சின்ன உயிர்கள் எப்படி இருக்கின்றன? அவற்றுக்குள் பாசி பிழைத்திருக்கிறதா, பாக்டீரியா கூட்டம் சமநிலையில் இருக்கிறதா? குலுக்கலில் பெயர் வராதவர்கள் நாளைக்கும் நிற்கப்போவது அந்த மணல் மேல்தான்.